ரெத்னோவின் போனில் ஏன் சார்ஜ் நிற்கவில்லை

முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள், ஐயா. பாதிக்கும் கீழே கொண்டுவந்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். அப்புறம், போனைச் சார்ஜரோடு சேர்த்துச் சட்டைப்பைக்குள் திணித்து வைக்காதீர்கள். சூடுதான் பேட்டரிக்கு எமன். கொடுங்கள், நானே பார்த்துத் தருகிறேன். அடுத்தவர் போனைக் கையில் வாங்கிப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

என் பெயர் வினார்சோ. மலாங்குக்கு மேலே, ஆப்பிள் தோட்டங்கள் இருக்கிற மலைச்சரிவில் எங்கள் ஊர். அங்கே ஒரு தொழிற்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். தெருவில் யார் போன் மக்கர் செய்தாலும் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். முதுகுக்குப் பின்னால் என்னை 'பேட்டரி வாத்தியார்' என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

உள்ளே இருப்பது என் மனைவி ரெத்னோ. இடது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை. இன்று செயற்கைக் கால் பொருத்தி நடக்கவைத்துப் பார்க்கிறார்கள். எப்படி ஆயிற்று என்று கேட்டீர்கள். வழக்கமாக 'விபத்து' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்பவர்கள் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். நீங்கள் வெளியூர், கெடிரிக்காரர். மகனுக்குக் கால் பொருத்தியதும் கிளம்பிவிடுவீர்கள், இனி நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. தவிர, உங்கள் போன் என் கையில் இருக்கிறது, நீங்கள் எழுந்து போகவும் முடியாது. அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

ரெத்னோ ஒரு பூச்செடி நாற்றுப் பண்ணையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் போய் வருவாள். ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு இருட்டிய பிறகு வந்தாள். நான் அழைத்தபோது போனை எடுக்கவில்லை. அதற்காக நான் சத்தம் போடவில்லை. துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன், இஞ்சி டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குளிக்கப் போனபோது அவள் போனில் ஒரு செயலியை ஏற்றினேன். அந்தப் போன் எங்கே இருந்தாலும் என் போனின் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாகக் காட்டும். அவள் போனில் அது இருப்பதே தெரியாது. அக்கறையால்தான் செய்தேன். இதைச் செய்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் டீயும் போட்டுக் கொடுத்தேனே.

செயலி ஒரு கேள்வி கேட்டது. இடத்தை அரை மணிக்கு ஒருமுறை காட்டட்டுமா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறையா, இல்லை விடாமல் காட்டட்டுமா? அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. 'விடாமல்' என்பதைத் தொட்டேன். ஒரு பேட்டரியைக் கொல்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கிடையாது. இத்தனைக்கும் நான் பேட்டரி வாத்தியார்.

அடுத்த வாரமே ரெத்னோ போனை என் முன்னால் வைத்தாள்.

"மாஸ், இதக் கொஞ்சம் பாருங்களேன்." எங்கள் பக்கம் கணவனையும் அக்கா புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "காலைல நூறு காட்டுது. மத்தியானம் சாப்பிட உக்காரும்போது செத்துக் கெடக்கு."

நான் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். உண்மையான குற்றவாளியைத் தன் வீட்டிலேயே சாப்பாடு போட்டு வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களையெல்லாம் பிடித்து விசாரிக்கும் போலீஸ்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தேன். அதற்குப் பிறகு வெயிலில் அவளால் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. முகப்பில் இருந்த அவள் அம்மாவின் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு நிறம் வைத்தேன். அவள் துணி மடிக்கும்போது கேட்கிற பாட்டுகளை நீக்கினேன். செய்தி வந்தால் ஒலிப்பதை நிறுத்தினேன். எதுவும் பலிக்காதபோது பேட்டரியையே மாற்றினேன். புதுப் பேட்டரியும் மத்தியானச் சாப்பாட்டோடு கண்ணை மூடியது.

"ரொம்ப நேரம் பாக்கற நீ," என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னேன்.

"பாட்டு இல்ல, படம் இல்ல, வெயில்ல ஒண்ணும் தெரியல. எதப் பாக்கறேன் மாஸ் நான்?"

"பாக்கறது உனக்கே தெரியாது. எல்லாரும் அப்படித்தான்."

அவள் யோசித்தாள். அப்படியும் இருக்கலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. என் பேச்சை நம்புகிற பழக்கம் அவளுக்கு உண்டு.

எங்கள் தெருப் பெண்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பேட்டரியைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்படி பக்கத்து வீட்டு துத்திக் அம்மா என்னை அழைத்தார். திரை வைத்து, படம் போட்டுப் பேசினேன். ரெத்னோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிவில் துத்திக் அம்மா எழுந்தார்.

"வாத்தியாரே, எல்லாம் சரி. ஒங்க வீட்டுக்காரம்மா போனு ஏன் எந்நேரமும் பொணமா கெடக்கு? அத மொதல்ல எழுப்புங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மருந்து குடுக்கலாம். குடிக்க மாட்டேங்கறவங்கள என்ன பண்றது?" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ரெத்னோவும் சிரித்துக்கொண்டே போனைக் கைப்பைக்குள் போட்டாள். அன்று முதல் வீட்டில் போனைத் தொடுவதையே குறைத்துக்கொண்டாள். ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால், "ஒரு நிமிஷம்தான் மாஸ்," என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். குற்றம் செய்தவள் மாதிரி.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. கையடக்கமான பவர் பேங்க் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நல்ல தரமானது. புள்ளி மத்தியானத்திலேயே மறைந்துபோவது எனக்கும் தொந்தரவாக இருந்தது.

பவர் பேங்க் வந்த பிறகுதான் புதன்கிழமைகள் எனக்குத் தெரியவந்தன. பண்ணை புதன்கிழமை அரை நாள்தான். அது எனக்குத் தெரியாது. 'சரக்கு எண்ணும் வேலை' என்று அவள் சொல்வாள். புள்ளியோ பண்ணையை விட்டு மேற்கே, மலைச்சாலையில் புஜோன் பக்கம் போய், ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கும்.

மூன்றாவது புதன்கிழமை வயிற்றுவலி என்று பள்ளியில் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். அது மீன்பிடிக் குளம். காசு கொடுத்துத் தூண்டில் போடுகிற இடம். சுற்றிலும் ஆண்கள், ஒரு பக்கம் தார்ப்பாய் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரெத்னோ. கையில் தூண்டில். மடியில் காகிதப் பொட்டலம். பொரித்த தாகு, அதுதான் சோயாக்கட்டி, ஒன்று, பச்சைமிளகாய் ஒரு கடி என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மாட்டிறைச்சி உருண்டை விற்கிற தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றேன். வண்டிக்காரர் சும்மா நிற்கவிடாததால் இரண்டு கிண்ணம் சாப்பிட வேண்டியதாயிற்று. அங்கிருந்த ஆண்கள் ஒவ்வொருவரையும் கவனித்தேன். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவள் யாரோடும் பேசவில்லை. மிதவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சில சமயம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை.

ஒருவன் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், ஐயா. ஒருவனும் இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று சாயங்காலம் கெளுத்தி மீன் பொரித்து வைத்தாள். சந்தையில் வாங்கியது என்றாள். நான் இரண்டு சாப்பிட்டுவிட்டு, நல்ல மீன் என்றேன். மீன் பிடிக்கப் போவதை ஏன் என்னிடம் மறைத்தாள் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் நான் ஒன்றும் திட்டியிருக்க மாட்டேன். கூடவே போயிருப்பேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் புள்ளியைப் பார்ப்பது அதிகமாகிவிட்டது. வகுப்பில் பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன், தொழுகைக்குக் கை கால் கழுவும்போதும் பார்த்தேன். விளைவு என்ன தெரியுமா? என் போனிலும் சார்ஜ் நிற்கவில்லை. பேட்டரி வாத்தியாரின் போன் மத்தியானமே படுத்துவிட்டது. அதனால் அந்தப் புதன்கிழமை காலை, அவள் கைப்பையிலிருந்த பவர் பேங்கை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. மாலையில் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மழைக்காலம். அன்று அவள் முழு நாளும் விடுப்பு எடுத்து, பல் வைத்தியரைப் பார்க்க மலாங் போவதாக என்னிடமும் பண்ணையிலும் சொல்லியிருந்தாள். மலாங் கிழக்கே, மலையை விட்டு இறங்கும் பக்கம். புள்ளி மேற்கே ஏறியது. நான் பரீட்சை மேற்பார்வையில் இருந்தேன். பிள்ளைகள் காப்பியடித்தார்கள், நான் புள்ளியைப் பார்த்தேன். மலைச்சாலையில், நான் குளத்துக்குப் போனபோது பார்த்த முட்டைக்கோஸ் கொட்டகையைத் தாண்டி, நீலத் தண்ணீர்த் தொட்டி இருக்கிற வளைவில், சாலைக்கு இடது பக்கம் சற்றுத் தள்ளிப் புள்ளி நின்றது. மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் நின்றது. பிறகு மறைந்துபோனது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அந்த மட்டில் என் ஊகம் சரி.

இருட்டியும் அவள் வரவில்லை. அவள் தம்பி டானாங்கைக் கூப்பிட்டேன். காய்கறி ஏற்றுகிற வண்டி வைத்திருப்பவன், நல்ல பையன், அக்கா என்றால் உயிர். வந்ததும் கேட்டான்.

"அக்கா எங்க போறேன்னு சொல்லிச்சு?"

"மலாங். பல் வைத்தியரு."

"வேற எங்கயாச்சும் போயிருக்குமா மாஸ்? ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

இந்த ஒரு சொல்லைச் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. அதைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம். உடனே எடுத்திருக்கலாம். 'இரு டானாங், நான் உன் அக்காவை வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் புஜோன் வளைவில் இருக்கிறாள்' என்று சொன்னால் முடிந்தது. அவன் என்னை இரண்டு அறை அறைந்துவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பான். அந்த இரண்டு அறையை நான் மிகவும் பெரிதாக நினைத்தேன்.

ஒருமுறை முயன்றேன். "புஜோன் பக்கம் ஒரு தடவ பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

"அங்க அக்காவுக்கு யாரு இருக்கா?" என்றான்.

"யாருமில்ல. சும்மா சொன்னேன்."

எல்லோரும் மலாங் சாலையில் தேடினார்கள். நானும் தேடினேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் இறங்கி, அவள் அங்கே இருக்க மாட்டாள் என்று தெரிந்துகொண்டே அவள் அடையாளங்களைச் சொன்னேன். பச்சை மழைச்சட்டை, இடது கன்னத்தில் மச்சம். சொல்லும்போது குரல் உடைந்தது. நடிப்பில்லை. போலீஸ் நிலையத்தில் போன் எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். பெயர் சொல்லாமல் அங்கே போன் செய்து இடத்தைச் சொல்லிவிடலாம் என்றும் யோசித்தேன். ஆனால் அந்த நிலையத்துக் கணினிகளைச் சரிசெய்பவனே நான்தான். என் குரல் அங்கே எல்லோருக்கும் பாடம். தனியாகப் போகலாம் என்றால் வீடு நிறைய ஆட்கள். பாய் விரித்துக் குரான் ஓதினார்கள். மனைவியைக் காணாதவனை யாரும் தனியே விடுவதில்லை. கழிப்பறைக்குப் போனாலும் வெளியே ஒருவர் நின்று இருமுவார்.

காலையில் துத்திக் அம்மாதான் வழி சொன்னார். "ஜெமிங்கான் தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்களேன்." காணாமல் போனதைக் குறி பார்த்துச் சொல்பவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவரை 'கெட்டிக்கார மனிதர்' என்போம். ஸ்மார்ட்போனுக்கும் எங்கள் மொழியில் அதே 'கெட்டிக்கார' பட்டம்தான் கொடுத்திருக்கிறோம். நான் இந்த மாதிரி விஷயங்களை வகுப்பில் கிண்டல் செய்கிறவன். அன்று முதல் ஆளாக வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். தாத்தாவின் வாயில் இடத்தைப் போட்டுவிட்டால் என் வாய்க்கு வேலையில்லை.

மற்றவர்கள் முன்னறையில் உட்கார்ந்ததும் நான் கொல்லைப்பக்கம் போனேன். தாத்தா புறாக்களுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். காதில் சொன்னேன். புஜோன் சாலை, முட்டைக்கோஸ் கொட்டகை தாண்டி, நீலத் தொட்டி வளைவு, இடது பக்கப் பள்ளம்.

"எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா நான் எதுக்கு?" என்றார்.

"நீங்க சொன்னாதான் நம்புவாங்க தாத்தா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கனவுல வந்திச்சு."

"கனவுல தொட்டி கலரு, கொட்டகைல என்ன காய்கறி, எல்லாம் வந்திச்சாக்கும்."

சரி என்று தலையாட்டினார். ஆனால் கெட்டிக்கார மனிதருக்கும் தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. அடுத்தவன் எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்க அவருக்கு மனம் வரவில்லை. சாம்பிராணிப் புகைக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு, "மேற்கு... நீலம்... தண்ணி. தண்ணிக்குப் பக்கத்துல," என்றார்.

நான் முன்னால் நகர்ந்தேன். "தாத்தா, ரோடு ஏதாச்சும் தெரியுதா? வளைவு மாதிரி?"

ஒரு கண்ணைத் திறந்தார். "இங்க பாக்கறது நானா, நீயா?"

டானாங் அதற்குள் எழுந்துவிட்டான். "மேற்க, நீலமா, தண்ணி. செலோரெஜோ அணைதான், வேற என்ன!" என்றான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அணைக்குப் போகிற வழி புஜோன் மலைச்சாலைதான்.

டானாங்கின் வண்டியில் முன்னால் அவனும் நானும், பின்னால் தெரு ஆண்கள். அந்த வண்டியின் புகைக்குழாய் ஓட்டை. மலை முழுக்கக் கேட்கும். முட்டைக்கோஸ் கொட்டகை வந்தது. நீலத் தொட்டி வந்தது. நான் இடது பக்கம் பார்த்தேன். ஓரத்துக் கல் ஒன்று பெயர்ந்திருந்தது. கீழே வாழைமரங்கள் இரண்டு சாய்ந்து கிடந்தன. வண்டியை நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது டானாங் ஒரு கையை எடுத்து என் தோளில் போட்டு, "அழாதீங்க மாஸ்," என்றான். வாயை மூடிக்கொண்டேன். வண்டி வளைவைக் கடந்தது.

ஏன் என்றுதானே பார்க்கிறீர்கள். அவள் இறந்திருப்பாள் என்று அதற்குள் நான் முடிவு செய்துவிட்டிருந்தேன். ஒரு ராத்திரி மழை, அவ்வளவு ஆழமான பள்ளம். இறந்தவளுக்கு அவசரம் இல்லை. இன்றைக்குக் கண்டுபிடித்தாலும் நாளைக்குக் கண்டுபிடித்தாலும் அவளுக்கு ஒன்றுதான். எனக்குத்தான் வித்தியாசம். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. ஊர் நல்லவன் என்று சொல்கிற ஒருவன், மனைவி இறந்துவிட்டதாக ஒரு வளைவு திரும்புகிற நேரத்துக்குள் முடிவு செய்துவிட முடியும் என்பது எனக்கே புதிதாகத்தான் இருந்தது.

அணையில் படகு எடுத்துத் தேடினார்கள். கம்பு வைத்துத் துழாவினார்கள். எனக்கு ஒரு சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன், வற்புறுத்தினார்கள், முழுவதும் சாப்பிட்டேன். துவையல் நன்றாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் திரும்பினோம். நீலத் தொட்டி வந்தபோது, "டானாங், கொஞ்சம் நிறுத்து, ஒண்ணுக்குப் போகணும்," என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம் என்று பின்னால்தான் தோன்றியது. எத்தனையோ தந்திரம் யோசித்தவனுக்கு இந்தச் சின்னத் தந்திரம் தோன்றவில்லை பாருங்கள். இவன்தான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான்.

சரிவில் இறங்கினேன். ஸ்கூட்டர் வாழைகளுக்கு நடுவே கவிழ்ந்திருந்தது. அதன் அடியில் அவள் கால். பச்சை மழைச்சட்டை முகம் வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. நான் சட்டையை விலக்கினேன். கண்ணைத் திறந்தாள்.

"மாஸ்," என்றாள். குரலே இல்லை. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மனசு சொல்லிச்சு," என்றேன்.

பின்னால் இறங்கி வந்த டானாங் அதைக் கேட்டான். மற்றவர்களும் கேட்டார்கள். அவ்வளவுதான், நான் பெரிய மனிதனாகிவிட்டேன். மனைவி கிடக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்ன கணவனின் மனசு. உள்ளூர்ச் செய்தியில் படத்தோடு வந்தது. பள்ளியில் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஜெமிங்கான் தாத்தாவும் விடவில்லை. 'நீலம், தண்ணி என்று சொன்னேனே, அது தொட்டி' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது அவர் வீட்டு வாசலில் வெளியூர் வண்டிகள் நிற்கின்றன. இரண்டு ஏமாற்றுக்காரர்களும் ஒரே நாளில் பிரபலமானோம். வழியில் பார்த்தால் ஒருவருக்கொருவர் மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ரத்த ஓட்டம் நின்னு ரொம்ப நேரமாச்சு. நேத்தே கொண்டுவந்திருந்தா கால எடுக்க வேண்டியிருந்திருக்காது," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், ஒங்களுக்கு எப்படித் தெரியும்," என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கியபோது, ரெத்னோ அந்த நாளைப் பற்றிப் பேசினாள். விழுந்ததும் மயங்கிவிட்டாளாம், கண் விழித்தபோது போன் கைக்கு எட்டியதாம். யாரையாவது கூப்பிட எண்ணைத் தட்டினாளாம். முதல் மணி அடிப்பதற்குள் திரை அணைந்துவிட்டதாம். கைப்பையில் பவர் பேங்கைத் தேடித் துழாவினாளாம். "எடுத்து வைக்க மறந்துட்டேன் போல," என்றாள். ராத்திரி முழுக்க ஸ்கூட்டரின் ஹாரனை விட்டு விட்டு அழுத்தினாளாம். அது மெலிந்து மெலிந்து நின்றுபோயிற்றாம். காலையில் டானாங் வண்டியின் சத்தம் கேட்டதாம்.

"கத்தினேன் மாஸ். சத்தம் வரல. வண்டி போயிடுச்சு. அப்பதான் அழுதேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்," என்றாள். "போன அவ்ளோ நேரம் பாக்காம இருந்திருந்தா சார்ஜ் இருந்திருக்கும்."

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். பல் வைத்தியர் பொய், சரக்கு எண்ணுவது பொய், குளம், தூண்டில், கெளுத்தி மீன். தேம்பித் தேம்பிச் சொன்னாள். "ஒங்ககிட்ட மறைச்சேன் மாஸ். அதுக்குத்தான் கடவுள் கால எடுத்துக்கிட்டாரு. என்ன மன்னிச்சிருங்க."

நான் மன்னித்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு, "போகட்டும் விடு, நமக்குள்ள இனிமே எந்த ஒளிவு மறைவும் வேண்டாம்," என்றேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்குள் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆக, நான் செய்தது இதுதான். அவள் போனின் சார்ஜை உறிஞ்சியது நான். பவர் பேங்கை எடுத்தது நான். அவள் எங்கே கிடக்கிறாள் என்று முதல் மணி நேரத்திலிருந்தே தெரிந்திருந்தும், ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் வாயைத் திறக்காமல் இருந்ததும் நான். அவள் குரலைத் தாண்டி வண்டியில் போனவனும் நான்தான்.

அவள் வீட்டிலேயே இருந்த இந்த மாதங்களில் எனக்கு மனசு அமைதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளியில் இருக்கும்போது பதற்றம் இல்லை. என் போனில்கூட சார்ஜ் ராத்திரி வரை நின்றது. ஆனால் இன்று கால் பொருத்துகிறார்கள். இனி நடப்பாள். புதன்கிழமைகளில் குளத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று நானே சொன்னேன். "பாக்கலாம் மாஸ்," என்றாள். அந்த 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் நேற்று அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து அமைத்தேன். நடந்ததிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளாதவன் வாத்தியாராக இருக்கக் கூடாது. பழைய போனின் பேட்டரி ரொம்பச் சின்னது, ஐயா. தப்பெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. இதில் அதைப்போல இரண்டு மடங்கு பெரிய பேட்டரி. நான் ஏற்றிவைத்த செயலி உள்ளே விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியும் இன்று காலையில் எழுந்து பார்த்தால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

அவளுக்கே ஆச்சரியம். "நீங்க பாத்து வாங்கினா வாங்கினதுதான் மாஸ்," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.